உடைந்த விளக்குக்குக் கட்டமில்லை

கழுத்துக்குப் பின்னால், முதுகு ஆரம்பிக்கிற இடத்தில், அவனுக்கு ஒரு ஆணி இருந்தது. டாக்டர் அதற்கு எலும்பின் பெயரும் ஒரு நம்பரும் சொன்னார். அவன் ஆணி என்றே வைத்துக்கொண்டான். இருபத்தாறு வருடம் ஏணி மேல் நின்று அண்ணாந்து பார்த்தே பிழைத்தவனுக்கு அது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அட்டை உறை போட்ட பதினொரு பழைய டியூப்லைட்டுகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தபோது, அடிக்கு அடி ஆணி உள்ளே இறங்கியது. பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"உடைஞ்சா விஷம்யா அது" என்றார் கண்டக்டர்.

"தெரியும்" என்றான். தெரியும் என்பதுதான் அவனுடைய தொல்லையே.

ஆறு மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றில் விளக்கு மாற்றுவது அவன் வேலை. அங்கே எல்லோரும் அவனை ஸ்டார்ட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டியூப்லைட்டை எரியவைக்கிற அந்தச் சின்ன டப்பா மாதிரிதான் அவன் பேச்சும். இரண்டு தடவை மினுக்கும், மூன்றாவது தடவைதான் பிடிக்கும். சில நேரம் பிடிக்காமலே போய்விடும். எதிரில் இருப்பவர் ஓர் அதிகாரியாக இருந்தால் பெரும்பாலும் பிடிக்காது.

அவன் போய்க்கொண்டிருந்தது பயன்முடிந்த விளக்குகள் பாதுகாப்பு வாரியத்துக்கு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வாரியத்தைத் திறந்தபோது, முதல் மாதமே விளக்குகளை எடுத்துக்கொண்டு போனவன்தான் அவன். அட்டை உறை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். குப்பையில் கிளறி உறை தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி போனான். வழியில் ஒன்று விரிசல் விட்டிருந்தது என்பதால் முப்பதையும் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை போகவில்லை. கட்டிடத்தில் குப்பைக்கு ஒரு கறுப்புப் பை இருந்தது. பை தொடை உயரம், டியூப் நாலடி. பழைய பேப்பரில் சுற்றி, முழங்காலில் வைத்து இரண்டு இடத்தில் ஒடித்து, பைக்குள் செருகிவிட்டால் தீர்ந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அப்படித்தான் தீர்ந்துகொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை பேப்பர் கிடைக்கவில்லை. நாலு மாடி இறங்கித் தேடிப்போக வேண்டும். ஆணி வலித்தது. ஒருநாள்தானே என்று சுற்றாமல் போட்டான்.

கட்டிடத்தைப் பெருக்கித் துடைக்கிற அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பை வாயைக் கட்டும் முன், உள்ளங்கையை வைத்து நன்றாக அமுக்கிக் காற்றை எடுத்துவிடுவாள். குப்பை வண்டிக்காரர் ஒரு நாளைக்கு ஆறு பைக்கு மேல் எடுக்க மாட்டார். அமுக்கினால்தான் ஆறில் அடங்கும். அன்றும் அமுக்கினாள். கண்ணாடி உள்ளங்கையில் ஏறி, விரல் நரம்பு இரண்டை அறுத்துவிட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் அதற்கப்புறம் மடங்கவில்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கு அவள் அவனிடம்தான் கேட்டாள்.

"தம்பி, கண்ணாடியில மாவு மாதிரி வெள்ளையா என்னமோ ஒட்டியிருந்துச்சு. உடைஞ்ச டீ டம்ளர்தான்னு எல்லாரும் சொல்றாங்க. டம்ளர்ல மாவு ஏதுடா?"

கேள்வி முடிவதற்குள் அவன் வாயில் பதில் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக நாக்கு மினுக்காமல் பிடித்தது.

"சீனியா இருக்கும்க்கா. டீ டம்ளர்தானே."

அவ்வளவுதான். அக்கா நேராக நாலாவது மாடிக்குப் போய், அங்கே டீ போடுகிறவரை நாலு பேர் எதிரில் நிற்கவைத்துக் கேட்டாள். உடைந்த டம்ளரைப் பேப்பரில் சுற்றிப் போடத் துப்பில்லாதவனுக்கு எதற்கு அடுப்பு என்றாள். அவர் தன்னிடம் இருப்பவை எல்லாம் ஸ்டீல் டம்ளர் என்று சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எரிந்துகொண்டிருந்த ஒரு டியூப்பைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினான்.

பிறகு மேனேஜர் அவனைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா கையக் கிழிச்சது டம்ளரா, டியூப்பா?"

"சா... சார், அது வந்து..."

"டியூப்னா வேலையில பட்ட காயம். நாமதான் பொறுப்பு. வாசல்ல உக்காந்து ரெஜிஸ்டர் எழுதுற வேலை குடுக்கணும். டம்ளர்னா அவங்களோட கவனக்குறைவு. விளக்கமாறு பிடிக்க முடியாத கைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது. மாசக் கடைசியோட அனுப்பிடலாம்."

"சார், நா... நான்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். விளக்கு வாரியத்துல போய் ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வா. நம்ம பில்டிங் விளக்கெல்லாம் அங்கதான் போகுதுன்னு. பேப்பர் பேசட்டும்."

நடக்கும்போது அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். மேனேஜர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை வாரியத்தின் கவுண்டரில் சொல்லிவிடுவது. அவர்கள் எழுதி, முத்திரை குத்திக் கொடுப்பார்கள். டியூப்பை ஒடித்துப் பையில் போட்டவன் இவன், அதுதான் கையைக் கிழித்தது என்று பேப்பர் பேசட்டும். அவன் வேலை போனாலும் போகட்டும், அக்காவுக்கு வாசல் நாற்காலி கிடைக்கும். தன் வாயால் அவளிடம் சொல்லவேண்டிய அவசியமும் இருக்காது. அந்தக் கடைசிச் சௌகரியம்தான் அவனை அவ்வளவு தூரம் நடக்கவைத்தது என்றும் சொல்லலாம்.

வாரியத்தின் வாசலில் 'விளக்கைக் கைக்குழந்தை போல் ஏந்தவும்' என்று எழுதியிருந்தது. உள்ளே இருட்டு. கூரையில் பன்னிரண்டு டியூப்புகள் இருந்தன, பன்னிரண்டும் எரியவில்லை. முதல் கவுண்டரில் இருந்தவர் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் இருட்டா இருக்கு?"

"எல்லாம் போயிடுச்சு."

"ஏணி இருந்தா நானே மாத்தித் தரேன் சார்."

கவுண்டர்காரர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "கழட்டினா அது பயன்முடிந்த விளக்காயிடும். பயன்முடிந்த விளக்கைப் பொதுமக்கள்தான் கொண்டுவந்து ஒப்படைக்கணும். நாங்க பொதுமக்கள் இல்லையே." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"எத்தனை?"

"பதினொண்ணு சார். அப்புறம் நான் ஒரு வி... விஷயம் சொல்லணும்."

"விஷயம் ரெண்டாவது கவுண்டர். இங்க சாவு உறுதி மட்டும்தான்."

சாவு உறுதி என்பது ஒரு மரச்சட்டம். ஒவ்வொரு டியூப்பாக அதில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, அறுபது எண்ணி, எரியவில்லை என்று மூன்று பிரதி எழுத வேண்டும்.

"எரியலன்னுதானே சார் கொண்டுவந்தேன்."

"நீங்க சொல்லுவீங்க. உயிரோட இருக்கறத அடக்கம் பண்ணிட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

ஆறு டியூப்புகள் செத்துத்தான் இருந்தன. ஏழாவது, மூன்று எண்ணுவதற்குள் பளிச்சென்று எரிந்தது.

கூடம் முழுக்க வெளிச்சம். எங்கெங்கோ இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். ஒருவர் போன வருடம் தொலைந்த பேனா மூடியை மேஜைக்கடியிலிருந்து எடுத்தார். இன்னொருவர் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து, "உங்களுக்கு இவ்வளவு நரைச்சிடுச்சா?" என்றார்.

ஸ்டார்ட்டருக்குக் காது சுட்டது. எந்த டியூப் என்று தெரிந்துவிட்டது. மூன்றாவது மாடி ஆண்கள் கழிப்பறை. அங்கே போனது டியூப் இல்லை, ஸ்டார்ட்டர். நேற்றுச் சேர்ந்த பயல் கூட அதைத்தான் முதலில் கழற்றிப் பார்ப்பான். அந்தப் பெயரையே வைத்துக்கொண்டு சுற்றுகிறவன் பார்க்கவில்லை. கழுத்து வலியில் அவசரமாக இறங்கியிருந்தான்.

"இது உயிரோட இருக்கு" என்றார் கவுண்டர்காரர்.

"தப்பு என்னோடதுதான் சார். தி... திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்."

"சட்டத்துல ஏறினது சாகாம இறங்காது. விதி. கண்காணிப்புல வெக்கணும். நல்ல டியூப்பா?"

"நல்ல டியூப்தான் சார்."

"எத்தனை நாள் தாங்கும்?"

"ஒரு ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷம் கண்காணிப்பு" என்று எழுதினார். அவர் எழுதி முடிப்பதற்குள் ஊழியர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்து சட்டத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் அவனிடம் வந்து மெதுவாக, "அடுத்த தடவை இதே மாதிரி இன்னொண்ணு எடுத்துட்டு வாங்க, கிழக்குப் பக்கமும் இருட்டுதான்" என்றார்.

இரண்டாவது கவுண்டர் ஒரு தனி அறை. உடைவுத் தடுப்பு அதிகாரி என்று பலகை தொங்கியது. உள்ளே ஒரு பெண்மணி கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறை முழுக்கக் கம்பளம் விரித்திருந்தது. அவன் நடந்தபோது கம்பளத்துக்கடியில் நறுக் நறுக் என்று ஏதோ நொறுங்கியது. நின்றான்.

"வாங்க, வாங்க. அது அப்படித்தான். ஓரமா நடந்தா சத்தம் வராது."

ஓரமாக நடந்து போய் உட்கார்ந்தான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை எடுத்தான். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. அந்த அம்மாள் பொறுமையாக இருந்தார். அவருக்கு வேறு வேலை இல்லை. மூன்றாவது தடவை பிடித்தது.

"நா... நான் டியூப்பை உடைச்சுக் குப்பைப் பையில போட்டுட்டு இருந்தேன் மேடம். பன்னெண்டு வருஷமா. அதுல ஒரு அக்காவோட கை போயிடுச்சு. அத நீங்க எழுதித் தரணும்."

சொல்லிவிட்டான். ஆணி கூட ஒரு விநாடி இளகின மாதிரி இருந்தது.

அதிகாரி ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்தார். பக்கம் முழுக்கக் கட்டங்கள். நீளம், குட்டை, உருண்டை, வெள்ளை, மஞ்சள். விரலை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போய் விளிம்பில் நிறுத்தினார்.

"உடைஞ்சதுக்குக் கட்டமில்லையே."

"இல்ல மேடம், உடைஞ்சுது."

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. மனசு கஷ்டப்படுது. ஆனா உடைஞ்சா அது விளக்கு இல்ல, கண்ணாடி. கண்ணாடி நம்ம வாரியத்துல வராது. சரி, உங்களுக்காகக் கேக்கறேன். எத்தனை உடைச்சிருப்பீங்க?"

"எழுநூறு இருக்கும்."

"அதுல எத்தனை இங்க கொண்டுவந்தீங்க?"

"உடைச்சத எப்படி மேடம் கொண்டுவர்றது. ஒண்ணும் இல்ல."

"ஆக, உங்க கட்டிடத்துல இருந்து எங்களுக்கு வந்த உடைஞ்ச விளக்கு எத்தனை?"

"ஒ... ஒண்ணும் இல்ல."

"அதத்தான் நானும் சொல்றேன்." அவர் ஒரு சுழியை, கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, அழகாக எழுதினார். "பன்னெண்டு வருஷம். ஒண்ணு கூட இல்ல. உங்கள மாதிரி ஒரு கட்டிடத்தைத்தான் நாங்க தேடிட்டு இருந்தோம். இயக்குநர் பாத்தா சந்தோஷப்படுவார்."

"மேடம், அக்காவோட கை..."

"கை மருத்துவத் துறை" என்றார் கனிவாக, கையுறைக் கையால் அவன் கையைத் தட்டிக்கொடுத்து.

அரை மணி நேரத்தில் விழா ஏற்பாடாகிவிட்டது. கூடத்தில் ஏழாவது டியூப்புக்குக் கீழே ஒரு மைக்கை வைத்தார்கள். படம் எடுக்க வெளிச்சம் அங்கேதான் இருந்தது. இயக்குநர் வந்தார். அவன் தோளில் கை போட்டார், சரியாக ஆணியின் மேல்.

"நண்பர்களே" என்று ஆரம்பித்தார். "இந்த வாரியத்தைத் தொடங்கிய ஆண்டு நாற்பதாயிரம் விளக்குகள் வந்தன. எத்தனையோ உடைந்தன. எனக்குத் தூக்கமில்லை. விதிகளைக் கொஞ்சம் கடுமையாக்கினோம். நாலாயிரம் வந்தன. அப்போதும் உடைந்தன. இன்னும் கடுமையாக்கினோம். சாவு உறுதி கேட்டோம், மூன்று பிரதி கேட்டோம், செவ்வாய்க்கிழமை மட்டும் என்றோம். இந்த ஆண்டு மொத்தம் வந்தவை எத்தனை தெரியுமா? பதினொன்று. ஒன்று கூட உடையவில்லை. பாதுகாப்பு என்றால் இதுதான்."

கை தட்டினார்கள். அவர் கையமர்த்தினார்.

"மற்ற விளக்குகள் எங்கே போகின்றன என்று சிலர் கேட்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். இங்கே வரவில்லை. வராத விளக்கு நம் கையில் உடைய வாய்ப்பே இல்லை. அடுத்த ஆண்டு நம் இலக்கு, ஒரு விளக்கு கூட வராமல் பார்த்துக்கொள்வது. இதோ நிற்கிறாரே, இவர் ஒரு சாதாரணத் தொழிலாளி. படிப்பு கிடையாது, பேச்சு வராது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு விளக்கைக் கூட உடைந்த நிலையில் நம்மிடம் கொண்டுவந்ததில்லை. ஒரு வார்த்தை பேசுங்கள் ஐயா."

மைக் அவன் வாய்க்கு எதிரில் வந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று அவனுக்கே தெரிந்தது. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நா... நான்..." என்றான். "நான்..."

"உணர்ச்சிவசப்பட்டுட்டார்" என்றார் இயக்குநர். கைத்தட்டல் அவன் வாயை மூடியது. மூடியதில் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகப் பின்னால் பல நாள் அவன் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

சான்றிதழ் கொடுத்தார்கள். அதோடு மீதிப் பத்து டியூப்பையும் அவன் தோளிலேயே திருப்பி ஏற்றினார்கள்.

"கிடங்குல விளக்கு போயிடுச்சு" என்று விளக்கினார் கவுண்டர்காரர். "இருட்டுல வெச்சா உடைஞ்சிடும். அதனால உங்க கட்டிடத்தையே பாதுகாப்பு மையமா அறிவிச்சிருக்கோம். நீங்கதான் பொறுப்பு. பாத்துப் போங்க, கைக்குழந்தை மாதிரி."

திரும்பி நடந்த தூரம் வந்த தூரத்தைவிட அதிகமாக இருந்தது.

மேனேஜர் சான்றிதழை இரண்டு தடவை படித்தார். அவர் கேட்டதற்கு மேலேயே எழுதியிருந்தார்கள். அன்றே சட்டம் போட்டு லிஃப்ட் பக்கத்தில் மாட்டச் சொன்னார். ஆணி அடித்தவன் ஸ்டார்ட்டர்தான். கட்டிடத்தில் சுத்தியல் அவனிடம்தான் இருந்தது.

"சார், இது உ... உண்மையில..."

"உண்மையிலயே நல்ல வேலை செஞ்சிருக்கய்யா" என்றார் மேனேஜர். "அந்தக் குச்சிங்கள எங்கயாவது போட்டுடு."

டியூப் கட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அக்கா வந்தாள். விளக்கமாற்றை இடது கையில் பிடித்து, வலது கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி மாட்டிட்டு இருக்க? உன் பேரு வேற சொல்லிக்கிறாங்க."

"ஒ... ஒண்ணுமில்லக்கா."

"படியேன். நான் கண்ணாடி கொண்டுவரல."

படித்தான். எழுதிவைத்ததைப் படிக்கும்போது அவனுக்கு நாக்கு மினுக்குவதில்லை. "இக்கட்டிடத்தின் பயன்முடிந்த விளக்குகளில் ஒன்று கூட, தொடக்கம் முதல் இன்றுவரை, உடைந்ததாகப் பதிவில்லை என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது." ஒரு தட்டுத் தடங்கல் இல்லை. வானொலி மாதிரி வந்தது.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அப்ப டீக்காரன்தான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட சொல்றதுக்கென்ன. நடுவுல ஒரு நாள் உன் மேலயும் சந்தேகம் வந்துச்சுடா. அந்த வெள்ளைத் தூளு, டியூப்ல இருக்குமேன்னு. ராத்திரி படுத்தா அதே நினைப்பு. சீச்சீ, அந்தப் பிள்ளையப் போய் நினைச்சேனேன்னு இப்ப எனக்கே வெக்கமா இருக்கு. மனசுல வெச்சுக்காத."

"அ... அக்கா..."

"விடு. சொல்லிட்டேன்ல, இனிமே எனக்கு லேசா இருக்கும்." சுவரோரம் இருந்த கட்டைக் கண்ணால் காட்டினாள். "இதுங்கள என்ன பண்ணப்போற? என் பையில போடேன். நான் கட்டி எடுத்துட்டுப் போயிடறேன். இந்த மாசம்தானே. அப்புறம் யார் வர்றாளோ, அவ எடுப்பாளோ மாட்டாளோ."

பையின் வாயை அவளே விரித்துப் பிடித்தாள். மடங்காத இரண்டு விரலும் நீட்டிக்கொண்டு நின்றன.

அவன் வாயைத் திறந்தான். இரண்டு தடவை மினுக்கியது. மூன்றாவது தடவைக்குள் லிஃப்ட் வந்து கதவு திறந்து, ஆட்கள் இறங்கினார்கள். அவள் பையை இழுத்துக்கொண்டு வழிவிட்டு ஒதுங்கினாள். அவன் டியூப் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

மாதக் கடைசியில் அக்கா போனாள். வாசலில் ரெஜிஸ்டர் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. டீக்காரர் ஸ்டீல் டம்ளர்களைத் தட்டித் தட்டிச் சத்தம் காட்டிக்கொண்டே ஒவ்வொரு மேஜையிலும் வைக்கிறார். பத்து டியூப்பும் ஸ்டார்ட்டரின் வீட்டில் கட்டிலுக்கடியில் படுத்திருக்கின்றன. காலையில் எழுந்து குனிந்து எண்ணிப் பார்க்கிறான். ஒன்று கூட உடையவில்லை.

அக்காவின் வீடு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான். அவளுக்கு அவன் தரவேண்டியது ஏழு வார்த்தை. அது சீனி இல்லைக்கா, டியூப் தூள், போட்டது நான்தான். இன்னும் தரவில்லை.